கொன்றுண்ணியும் இரையும்

முற்றத்தில் மேயும் கோழிக்குஞ்சுகளுள் ஒன்றைப் பருந்து தூக்கிச் சென்றுவிட்டால், நாம் இரங்குவது போன குஞ்சுக்காக. எஞ்சிய குஞ்சுகளைப் பற்றி நாம் ஒன்றும் எண்ணுவதில்லை. உயிர்நூல் அறிஞரோ எஞ்சியவற்றையே உற்று நோக்குவார். பருந்தின் காலில் அகப்பட்டது ஏன் அந்தக் குஞ்சு? தாயை விட்டு எட்ட நின்றதாலா? அதன் நிறம் மண்ணின் நிறத்தோடு இயையாமல் தனித்துத் தெரிந்ததாலா? தாய் எழுப்பிய எச்சரிக்கைக் குரலைக் கேட்டு ஓடி ஒளியச் சற்றே பிந்தியதாலா? இவற்றுள் ஒன்றும் காரணமன்று, வெறும் தற்செயலே என்றால், இழப்பு அந்த ஒரு குஞ்சோடு முடிந்தது. ஆனால், ஒரே வகைக் குஞ்சுகள் திரும்பத் திரும்பப் பருந்துக்கு இரையாகுமாயின், வளர்ந்து முட்டையிட எஞ்சுவன வேறு வகையினவாகவே இருக்கும். அடுத்த தலைமுறையின் தன்மையும் அதற்கேற்ப மாறும்.

பிற உயிர்களைக் கொன்று தின்று வாழ்வனவற்றைக் கொன்றுண்ணிகள் என்கிறோம். அவை இரையை அழிப்பதை எல்லோரும் அறிவர். அவ்வழிப்பின் வாயிலாகவே அவை இரையினத்தின் நிறத்தையும், உடலளவையும், பருவமடையும் காலத்தையும், நடத்தையையும் மாற்றி அமைக்கின்றன என்பது அவ்வளவாக அறியப்படாத செய்தி. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் ஒரு தவறான கருத்தை விலக்கிவிடுவோம். வேங்கைக்கு அஞ்சி ஓடி ஓடியே மானினம் விரைவு பெற்றது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மை அதுவன்று. நெல் மூட்டைகளைச் சுமந்து சுமந்து திரண்ட ஒருவரின் தோள்கள், அவர் மகனுக்குப் பிறவியிலேயே வாய்த்துவிடுவதில்லை. அதுபோலவே, ஓடிப் பழகிய மானின் கால்வலிமையும் கன்றுக்குச் சேர்வதில்லை. 1859-ஆம் ஆண்டு சார்லஸ் டார்வின் தமது நூலில் விளக்கிய இயற்கைத் தேர்வு வேறு வகையாக நடைபெறுவது.

அதற்கு மூன்று நிபந்தனைகள் உண்டு. ஓர் இனத்தைச் சேர்ந்த உயிர்கள் எல்லாம் ஒன்றுபோல இராமல் தமக்குள் வேறுபட்டிருத்தல் வேண்டும். அவ்வேறுபாடுகளில் சிலவேனும் பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குச் செல்வனவாக இருத்தல் வேண்டும். எவை பிழைத்துக் குட்டி போடும், எவை அதற்குமுன் மடியும் என்பதை அவ்வேறுபாடுகள் ஓரளவேனும் தீர்மானித்தல் வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில் இனம் மாறியே தீரும். நம் உழவர் விளைச்சலில் நல்ல கதிர்களைப் பொறுக்கி விதைநெல்லுக்கு வைப்பர். அவர் எடுத்து வைக்கும் கதிர் அடுத்த பயிரின் தாயாகிறது. கொன்றுண்ணியும் பொறுக்குகிறது. ஆனால் அது பொறுக்குவது நீக்குவதற்கு. விதையாவது அது விட்டுச் சென்றதே. உழவருக்கு நோக்கம் உண்டு. கொன்றுண்ணிக்குப் பசி ஒன்றே உண்டு. இனத்தைத் திருத்தவேண்டும் என்ற எண்ணம் அதற்கு இல்லை. ஆகவே, இரையினம் எத்திசையில் மாறும் என்பது, கொன்றுண்ணி எவற்றை எடுக்கிறது, எவற்றை விடுகிறது என்பதைப் பொறுத்தது. இந்த ஒரு கருத்தை மனத்தில் கொண்டால், இனி நான் கூறப்போகும் செய்திகள் எல்லாம் எளிதில் விளங்கும்.

இங்கிலாந்து நாட்டில் அந்துப்பூச்சி ஒன்று உண்டு. வெள்ளைச் சிறகில் மிளகுப்பொடி தூவினாற்போன்ற புள்ளிகளை உடையது. இரவில் பறந்து திரியும். பகலில் மரங்களின் மீது சிறகை விரித்து அசையாமல் அமர்ந்திருக்கும். அந்நாட்டு மரங்களின் பட்டையில் வெளிர் நிறமான படர்பாசிகள் வளர்வதுண்டு. நம் சமையலில் சேர்க்கும் கல்பாசி இவ்வினத்தைச் சேர்ந்ததே. அப்பாசியின் மீது இப்பூச்சி அமர்ந்தால், அருகில் சென்று பார்ப்பவர் கண்ணுக்கும் எளிதில் புலப்படாது. பூச்சியைத் தேடித் தின்னும் பறவையின் கண்ணும் அவ்வாறே ஏமாறும்.

மான்செஸ்டர் நகரில் 1848-இல் இவ்வினத்தில் முற்றும் கரிய பூச்சி ஒன்று பதிவு செய்யப்பட்டது. அக்காலத்தில் அது அரும்பொருள். நெசவாலைகளின் நிலக்கரிப் புகை அப்பகுதியின் காற்றை நிறைத்த காலம் அது. புகை படர்பாசியைக் கொன்றது. மரப்பட்டையில் கரி படிந்தது. 1895-ஆம் ஆண்டளவில் மான்செஸ்டர் வட்டாரத்தில் இப்பூச்சிகளுள் 100-க்கு 98 கரியனவாக இருந்தன. வெளிர்நிறப் பூச்சி கரிபடிந்த மரத்தில் பறவையின் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்ததே இதற்குக் காரணம் என 1896-இல் டட் என்ற அறிஞர் எழுதினார். 1924-இல் ஹால்டேன் இதனைக் கணக்கிட்டு, வெளிர்ப் பூச்சி இரண்டு பிழைக்கும் இடத்தில் கரும்பூச்சி மூன்று பிழைத்திருந்தால்தான் இத்தகைய மாறுதல் இவ்வளவு விரைவில் நிகழ்ந்திருக்க இயலும் என்று காட்டினார். இவர் பின்னாளில் நம் நாட்டுக்கு வந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த அதே ஹால்டேன்தான்.

கணக்கு வேறு, கண்கூடான சான்று வேறு. அச்சான்றைத் தேடிக் காட்டுக்குச் சென்றவர் பெர்னார்டு கெட்டில்வெல். 1953-இல் பர்மிங்காமுக்கு அருகே புகைபடிந்த காடு ஒன்றில் இருவகைப் பூச்சிகளையும் அடையாளமிட்டு விடுவித்தார். பின்னர் இரவில் பொறி வைத்து, எஞ்சியவற்றைப் பிடித்து எண்ணினார். விடுவித்த கரும்பூச்சிகளில் 100-க்கு 27 பங்குக்குச் சற்று மேல் திரும்ப அகப்பட்டன. வெளிர்ப் பூச்சிகளில் 13 பங்கே அகப்பட்டன. 1955-இல் புகையறியாத டார்செட் நாட்டுப்புறக் காட்டில் அதே சோதனையைச் செய்தார். அங்கே முடிவு தலைகீழாயிற்று. வெளிர்ப் பூச்சிகளில் 100-க்கு 12-க்கு மேலும், கரும்பூச்சிகளில் 6 அளவிலும் மீண்டும் பிடிபட்டன. அதே காட்டில் பறவைகள் பூச்சிகளைக் கொத்துவதை மறைவிலிருந்து பார்த்து எண்ணியபோது, தின்னப்பட்ட 190 பூச்சிகளில் 164 கரியன, 26-தான் வெளிரியன.

இங்கே நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கருமை நல்லதா, வெண்மை நல்லதா என்று கேட்டால் அதற்கு விடையில்லை. பர்மிங்காம் காட்டில் உயிரைக் காத்த நிறமே டார்செட் காட்டில் உயிரைப் போக்கிற்று. பறவை ஒன்றுதான், பூச்சி ஒன்றுதான், பட்டையின் நிறம் மாறியதும் தேர்வின் திசை மாறிவிட்டது.

கெட்டில்வெல் செய்த சோதனைமீது பின்னாளில் குறைகள் கூறப்பட்டன. ஒரே இடத்தில் அளவுக்கு மீறிய பூச்சிகளை விட்டார் என்றும், அவை தாமாக அமராத இடங்களில் வைத்தார் என்றும் சிலர் வாதிட்டனர். அறிவியலில் இத்தகைய ஐயங்களை வாதத்தால் தீர்ப்பதைவிடச் சோதனையால் தீர்ப்பதே முறை. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மைக்கேல் மஜீரஸ் 2001 முதல் 2007 வரை, அக்குறைகளை நீக்கி, 4,864 பூச்சிகளை விடுவித்து மீண்டும் ஆராய்ந்தார். அவர் 2009-இல் காலமானார். அவர் விட்டுச்சென்ற கணக்குகளை வேறு நால்வர் ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டனர். புகை நீங்கிய அவ்வூரில் பறவைகள் கரும்பூச்சிகளையே மிகுதியாகத் தின்றன என்பது ஐயமற உறுதியாயிற்று. 1956-இல் பிரிட்டனில் தூய காற்றுச் சட்டம் நிறைவேறிய பின் புகை படிப்படியாகக் குறைந்தது, கரும்பூச்சியும் குறைந்தது. 100-க்கு 98 ஆக இருந்த அது இன்று பூச்சி சேகரிப்போர் வியந்து பார்க்கும் அரும்பொருளாக மீண்டும் ஆகிவிட்டது.

நிறம் மாறுவது ஒரு புறத்தோற்றம். வாழ்க்கையின் அமைப்பையே கொன்றுண்ணி மாற்றிவிட இயலுமா என்று கேட்கலாம். எப்போது பருவமடைவது, எத்தனை பிள்ளை பெறுவது, எவ்வளவு பெரிய பிள்ளையைப் பெறுவது என்பனவும் பகைக்கு ஏற்ப அமையுமா? இதற்கு விடையளித்தது, நம்மில் பலர் கண்ணாடித் தொட்டியில் பார்த்திருக்கும் ஒரு சிறு மீன். கொசுப்புழுவை ஒழிப்பதற்காகக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் நம் ஊர்களில் விடப்படும் கப்பி மீன்தான் அது. ஆணின் நீளம் ஓர் அங்குலம்கூட இராது. முட்டையிடாமல் குஞ்சாகவே ஈனும் இனம். பெண் மீன் மங்கலான சாம்பல் நிறம். ஆணோ செம்மஞ்சள், கருமை, நீலம் எனப் பல வண்ணப் புள்ளிகளால் ஒளிர்வது. ஒரு மீனின் கோலம் மற்றொன்றுக்கு இராது.

இம்மீனின் தாயகங்களுள் ஒன்று மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த டிரினிடாட். அத்தீவின் வடமலைத் தொடரிலிருந்து பல ஓடைகள் இறங்குகின்றன. அவற்றின் வழியில் அருவிகள் குறுக்கிடுகின்றன. அருவிக்குக் கீழுள்ள மடுக்களில் பெரிய கொன்றுண்ணி மீன்கள் வாழ்கின்றன. அவற்றுள் தலையாயது சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த நீண்ட உடலுடைய மீன். வளர்ந்த கப்பிகளை அது விழுங்கும். அம்மீனால் அருவி ஏற முடிவதில்லை. ஆகவே, அருவிக்கு மேலுள்ள நீரில் ரிவ்யூலஸ் என்னும் சிறு மீன் ஒன்றே கப்பிக்குப் பகை. அதன் வாய் சிறியது. பெரும்பாலும் கப்பிக் குஞ்சுகளையே அது தின்னும். ஒரே மலை, ஒரே ஓடை, ஒரே இன மீன். நடுவே ஓர் அருவி. அருவிக்குக் கீழே பெரியவற்றுக்கு ஆபத்து. மேலே சிறியவற்றுக்கு ஆபத்து. இயற்கையே அமைத்து வைத்த சோதனைச்சாலை என்று இதனைச் சொல்லலாம்.

அருவிக்குக் கீழ் வாழும் ஆண் கப்பிகளுக்குப் புள்ளிகள் குறைவு, நிறம் மங்கல். மேலே வாழ்வனவற்றுக்குப் புள்ளிகளும் மிகுதி, ஒளியும் மிகுதி. இதன் காரணத்தை ஆராய்ந்தவர் ஜான் எண்டலர். பெண் கப்பி வண்ணம் மிக்க ஆணையே விரும்பி நாடும். ஆனால் பெண்ணின் கண்ணுக்குத் தெரியும் வண்ணம் கொன்றுண்ணியின் கண்ணுக்கும் தெரியும். ஆக, ஒரே ஆணை இருவர் தேர்கின்றனர். ஒருவர் துணையாக்கிக்கொள்ள, மற்றவர் இரையாக்கிக்கொள்ள. கொன்றுண்ணி வலிமை மிக்கிருக்கும் இடத்தில் மங்கலான ஆண்களே எஞ்சித் தந்தையாகின்றன. அது இல்லாத இடத்தில் பெண்ணின் விருப்பமே வெல்கிறது.

இது உண்மைதானா என்று காண, எண்டலர் அமெரிக்காவில் பசுமைக்கூடம் ஒன்றினுள் 10 குளங்களை அமைத்துக் கப்பிகளை வளர்த்தார். சில குளங்களில் சிக்லிட் கொன்றுண்ணியை விட்டார். சிலவற்றில் ரிவ்யூலஸ் மீனை விட்டார். சிலவற்றில் பகையே இல்லை. அடித்தளத்தில் சில குளங்களுக்குப் பருக்கைக் கற்களும், சிலவற்றுக்குப் பொடிக் கற்களும் இட்டார். ஓராண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்துக்குள்ளாகவே, சிக்லிட் இருந்த குளங்களில் ஆண்களின் புள்ளிகள் குறைந்தன. அதுமட்டுமன்று. பொடிக்கல் பரப்பிய குளத்தில் எஞ்சியவை சிறுபுள்ளி உடையன. பருக்கைக்கல் பரப்பிய குளத்தில் எஞ்சியவை பெரும்புள்ளி உடையன. பின்னணியோடு கலந்து மறைந்தவையே பிழைத்தன. பகையில்லாத குளங்களிலோ இதற்கு நேர்மாறு. பின்னணியிலிருந்து வேறுபட்டு எடுப்பாகத் தெரிந்த ஆண்களே பெருகின. இச்சோதனையின் முடிவுகள் 1980-இல் வெளிவந்தன.

டிரினிடாட் ஓடையிலேயே அவர் மற்றொன்றும் செய்தார். 1976-இல் அரிப்போ ஆற்றின் ஆபத்து மிக்க பகுதியிலிருந்து 200 கப்பிகளை எடுத்து, அதுவரை கப்பி இல்லாததும் ரிவ்யூலஸ் மட்டும் வாழ்ந்ததுமான ஒரு கிளையோடையில் விட்டார். ஏறத்தாழ இரண்டே ஆண்டுகளில் அங்குள்ள ஆண்களின் வண்ணம் பெருகத் தொடங்கிவிட்டது.

அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் டேவிட் ரெஸ்னிக். அவர் ஆராய்ந்தது நிறத்தையன்று, பிள்ளைப்பேற்றை. அருவிக்குக் கீழுள்ள கப்பிகள் சிறு உடலிலேயே, இளவயதிலேயே பருவமடைகின்றன. ஓர் ஈற்றில் பல குஞ்சுகளை ஈனுகின்றன. குஞ்சுகள் மிகச் சிறியவை. மேலுள்ளவை காலம் தாழ்த்திப் பருவமடைகின்றன. குஞ்சுகள் சிலவே, ஆயினும் பெரியவை. இதன் நியாயம் தெளிவானது. வளர்ந்தவை எந்நேரமும் விழுங்கப்படும் நீரில், அடுத்த மாதம் ஈனலாம் என்று பொறுத்த மீன் அடுத்த மாதத்தைக் காண்பதில்லை. விரைந்து ஈன்றதே சந்ததியை விட்டுச் செல்கிறது. அருவிக்கு மேலேயோ, வளர்ந்துவிட்ட மீனுக்கு அச்சம் குறைவு. கூட்டம் பெருகி உணவுதான் அரிது. அங்கே பெரிதாகப் பிறந்த குஞ்சு ரிவ்யூலஸின் வாயளவை விரைவில் கடந்துவிடும். உணவுக்கான போட்டியிலும் தாழாது.

கீழிருந்து மேலே கொண்டு சென்ற கப்பிகளின் வழிவந்தவற்றை 11 ஆண்டுகளுக்குப் பின் ரெஸ்னிக்கும் அவர் துணைவரும் பிடித்து ஆராய்ந்தனர். 30 முதல் 60 தலைமுறைகள் கடந்திருந்தன. உணவு வேறுபாட்டால் வந்த மாற்றமோ என்ற ஐயம் எழாதிருக்க, அவற்றைச் சோதனைச்சாலையில் ஒரே நீரில், ஒரே உணவில் இரண்டு தலைமுறை வளர்த்தனர். அப்போதும் வேறுபாடு நீங்கவில்லை. இடம்பெயர்ந்த கப்பிகள் பிந்திப் பருவமடைந்தன; சில பெரிய குஞ்சுகளை ஈன்றன. மாற்றம் பழக்கத்தில் அன்று, மரபிலேயே நிகழ்ந்திருந்தது. 1990-இல் இது வெளியாயிற்று. 1997-இல் அவர்கள் இம்மாற்றத்தின் வேகத்தை அளந்து, புதைபடிவங்களில் காணப்படும் வேகத்தைவிட 10,000 மடங்கு முதல் 1,00,00,000 மடங்கு வரை மிகுதி என்று கூறினர். பரிணாமம் என்றால் பல இலட்சம் ஆண்டுகள் வேண்டும் என்று எண்ணியிருந்த உலகிற்கு இது புதிய செய்தி. கொன்றுண்ணியின் தேர்வு மனிதர் ஒருவரின் வாழ்நாளுக்குள்ளேயே கண்ணுக்குத் தெரியும் விளைவைத் தருகிறது.

இப்போது, மக்களிடையே வழங்கும் மற்றொரு கருத்தைச் சற்று எண்ணிப்பார்க்கலாம். கொன்றுண்ணிகள் நோயுற்றவற்றையும் நலிந்தவற்றையும் நீக்கி, இனத்தை மேம்படுத்துகின்றன என்பர். சில இடங்களில் அது பொருந்தும். ஓநாய் மந்தையைத் துரத்தும்போது பின்தங்குவது பெரும்பாலும் நலிந்ததாகவே இருக்கும். ஆயினும் அதனை ஒரு பொதுவிதி என்று கொள்வதற்கில்லை. டிரினிடாட் ஓடையில் சிக்லிட் தின்றது நலிந்த கப்பியை அன்று; அழகிற் சிறந்ததை, உடலில் வளர்ந்ததை. அதன் விளைவாக எஞ்சியது, மங்கலும் சிறுமையும் உடைய, விரைந்து ஈனும் ஓர் இனம். அதனைத் தாழ்ந்தது என்று சொல்வதற்கில்லை. அந்த மடுவில் வாழத் தகுந்தது என்றே சொல்லவேண்டும். மேன்மை, கீழ்மை என்ற சொற்களுக்கு இங்கே இடமில்லை.

நேயர்களே, இதுவரை கூறியதைக் காட்டிலும் நம்மை நெருங்கித் தொடும் செய்தி இனிமேல்தான் வருகிறது. உலகில் இன்று எல்லாக் கொன்றுண்ணிகளிலும் பரந்து செயல்படுவது மனித இனம். வேங்கைக்கோ வல்லூற்றுக்கோ எட்டாத ஆழத்திலும் தொலைவிலும் நம் வலையும் துப்பாக்கியும் எட்டுகின்றன. நாம் பொறுக்கும் முறையும் பிற கொன்றுண்ணிகளின் முறைக்கு மாறானது. வேங்கை பெரும்பாலும் எளிதில் அகப்படுவதை எடுக்கும். நாமோ விலை மிக்கதை எடுக்கிறோம். பெரிய மீனுக்கு விலை மிகுதி; நீண்ட தந்தத்துக்கு விலை மிகுதி.

கனடா நாட்டின் நியூபவுண்ட்லாந்துக் கடலில் காட் என்னும் மீன் பல நூற்றாண்டுகளாக மலிந்திருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெரிய இயந்திரக் கப்பல்கள் அதனை வாரி எடுத்தன. 1992-இல் மீன் வளம் அடியோடு சரிந்து, அரசு பிடிப்பையே தடை செய்தது, பல்லாயிரவர் தொழிலிழந்தனர். அச்சரிவுக்கு முந்தைய ஆண்டுகளின் குறிப்புகளைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், 2004-இல் ஒரு முடிவை வெளியிட்டனர். வளம் சரிவதற்கு முன்பே அம்மீன்கள் முன்னிலும் இளவயதில், முன்னிலும் சிறிய உடலில் பருவமடையத் தொடங்கியிருந்தன என்பதே அது. அருவிக்குக் கீழுள்ள கப்பியின் கதை கடலில் மீண்டும் நடந்தது. கொன்றுண்ணியின் இடத்தில் மனிதன் நின்றான் என்பதே வேறுபாடு. சிறிய தாய் இடும் முட்டை குறைவு. பெரிய மீனையே பிடித்துக்கொண்டிருந்தால், பெரிதாக வளரும் இயல்பையே கடலிலிருந்து களைந்துவிடுகிறோம். அந்தத் தடையைக் கனடா அரசு 32 ஆண்டுகளுக்குப் பிறகு, 2024-இல்தான் நீக்கியது. அப்போதும் மீன்வளம் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை.

இனி யானையைப் பார்ப்போம். நம் நாட்டில் தந்தம் ஆண் யானைக்கே உண்டு. ஆப்பிரிக்கக் காடுகளில் பெண் யானைக்கும் தந்தம் உண்டு. எங்கோ சில பெண் யானைகள் மட்டும் பிறவியிலேயே தந்தமின்றி இருக்கும். மொசாம்பிக் நாட்டில் 1977 முதல் 1992 வரை உள்நாட்டுப் போர் நடந்தது. போரிட்ட படைகள் தந்தத்தை விற்றுப் பொருள் தேடின. கொரொங்கோசா தேசியப் பூங்காவில் போருக்கு முன் 2,500-க்கு மேல் இருந்த யானைகள் 2000-ஆம் ஆண்டளவில் 250-க்கும் குறைந்தன. பத்தில் ஒன்பது பங்கு அழிந்தது. எஞ்சியவை எவை? போருக்கு முன் பெண் யானைகளில் 100-க்கு 18 அளவில் இருந்த தந்தமற்றவை, போருக்குப் பின் ஏறத்தாழப் பாதியாயின. துப்பாக்கி ஏந்தியவர் தந்தமுள்ளதைக் கொன்றார், இல்லாததை விட்டார். போர் முடிந்த பின் பிறந்த பெண் யானைகளிலும் மூன்றில் ஒரு பங்கு தந்தமின்றியே உள்ளன. இவ்வியல்பு மரபணு வழியாகத் தாயிடமிருந்து இறங்குவது என்று 2021-இல் அறிஞர்கள் காட்டினர். அதனைப் பெறும் ஆண் கருக்கள் பிழைப்பதில்லை என்பதற்கான சான்றுகளையும் அவர்கள் கண்டனர். தந்தம் யானைக்கு அணிகலன் அன்று. அதனால் மரப்பட்டையை உரிக்கும். வறண்ட நிலத்தைத் தோண்டி நீர் காணும். பதினைந்து ஆண்டுப் போர் முடிந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும், அப்போர் செய்த தேர்வு யானையின் உடலில் எழுதப்பட்டு நிற்கிறது.

ஆகவே, வேட்டையையும் மீன்பிடிப்பையும் நெறிப்படுத்துவோர், எவ்வளவு எடுக்கிறோம் என்பதோடு எவற்றை எடுக்கிறோம் என்பதையும் கேட்கவேண்டும். நம் கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. மீன் இனம் பெருக அத்தடை உதவும். ஆனால் எஞ்சிய நாள்களில் எந்த அளவு மீன் தப்பும், எந்த அளவு மீன் சிக்கும் என்பதை வலைக்கண்ணின் அளவே தீர்மானிக்கிறது. சிறுமீன் தப்ப வழிசெய்யும் வலை வேண்டும் என்பதை எல்லோரும் ஒப்புகின்றனர். மிகப் பெரிய தாய்மீன்களுக்கும் தப்பும் வழி வேண்டும் என்பதைக் கப்பியும் காட்டும் நமக்குச் சொல்கின்றன. சில நாடுகளில் தூண்டில் பிடிப்போர், குறிப்பிட்ட அளவுக்குச் சிறியதையும் விடவேண்டும், குறிப்பிட்ட அளவுக்குப் பெரியதையும் விடவேண்டும் என்ற விதி நடைமுறையில் உள்ளது. கடலின் சில பகுதிகளை எக்காலத்தும் வலைபடாத காப்பிடமாக விடுவதும் மற்றொரு வழி. அங்கே பெரியனவும் சிறியனவும் வேறுபாடின்றி வாழும்.

கொன்றுண்ணி இல்லாத உலகம் வேண்டும் என்று இயற்கை நூலார் எவரும் கேட்பதில்லை. மானின் விரைவும், அந்துப்பூச்சியின் மறைநிறமும், கப்பி மீன் கூட்டமாய் நீந்தும் எச்சரிக்கையும் பகையின் கொடை. அப்பகை நீங்கினால் அவ்வியல்புகளும் நாளடைவில் தளரும். வேங்கை தான் எதைத் தேர்கிறது என்பதை அறியாது. சிக்லிட் மீனும் அறியாது. நாம் அறிவோம். இங்கிலாந்தில் புகை நீங்கியதும் கரும்பூச்சி தணிந்து, வெளிர்ப் பூச்சி மீண்டது. அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பிடித்தது. அப்பூச்சிக்கு ஆண்டுக்கு ஒரு தலைமுறை. யானைக்கு ஒரு தலைமுறை கடக்கவே இருபது ஆண்டுகளுக்கு மேலாகும். கொரொங்கோசா யானைகள் தம் தந்தத்தை மீண்டும் பெறுவதைக் காண விரும்புவோர் நெடுங்காலம் காவல் காக்கவேண்டியிருக்கும்.